ஈடுபடாப் பங்கும் மெய்க்கணக்கும்



வருமான வரிக் கணக்கு ஓர் அறவுரைக்குப் பொருளாகுமோ எனச் சிலர் ஐயுறலாம். ஆகும் என்பதே எம் துணிபு. உலகம் தொழிலறியாது திகைத்த காலத்தில் ஆதிபகவன் ரிஷபநாதர் மக்களுக்கு ஆறு தொழில்களைக் கற்பித்தார் என்பது நம் மரபு. அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிபம், சில்பம் என்பன அவை. வாளுக்கு அடுத்து மை வைக்கப்பட்டுள்ளது. மசி என்பது எழுத்துத் தொழில். கணக்கெழுதுவதும் அதனுள் அடங்கும். முதல் தீர்த்தங்கரர் கற்பித்த தொழிலைக் கறைபடச் செய்வது தகுமோ? ஆகலின், எழுதுகோலைப் பிடிக்கும் கை எத்தகையதாயிருத்தல் வேண்டும் என்பதை ஒரு கணக்கின் வழியே ஆராயப் புகுகின்றோம்.

நம் சமூகத்துப் பிள்ளைகளில் அமெரிக்க நாட்டில் பணிபுரிவோர் உளர். ஊதியத்தில் மிஞ்சியதை அங்குள்ள கூட்டு வாணிபங்களில் பங்காக இடுவோரும் உளர். அப்பங்கில் நட்டம் நேர்ந்தால் அதனைத் தம் சொந்த வரிக் கணக்கில் எவ்வாறு எழுதுவது என்னும் வினா அவர்கட்கு எழுகின்றது. இது கணக்கர்க்குரிய வினா போலத் தோன்றினும், உள்ளே நிற்பது சத்திய விரதம் பற்றிய வினாவேயாகும்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு

ஆசிரியப் பயிற்சியில் எமக்கு முதலில் கற்பித்த விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு மாணவரை அழைத்துச் செல்க என்பது. அவ்வழியே செல்வோம்.

நெல் மண்டியோ துணிக்கடையோ இருவர் கூடி நடத்துகின்றனர் எனக் கொள்வோம். ஒருவர் விடியலில் கடை திறந்து, சரக்கு வாங்கி, விற்று, இரவில் கல்லாப்பெட்டியை எண்ணிப் பூட்டுகின்றார். மற்றவர் முதல் மட்டும் போட்டுவிட்டு வீட்டில் இருக்கின்றார். ஆண்டு முடிவில் இலாபமோ நட்டமோ இருவர்க்கும் பங்குண்டு. பின்னவரை ஊரார் 'ஸ்லீப்பிங் பார்ட்னர்' என்பர். அவரை ஈடுபடாப் பங்காளர் என இங்கு வழங்குவோம்.

நம் நாட்டில், 1993-94 மதிப்பீட்டு ஆண்டு முதல், கூட்டு நிறுவனம் தனக்குரிய வரியைத் தானே செலுத்துகின்றது. இலாபத்தில் பங்காளர் பெறும் பங்கு அவர் கையில் மீண்டும் வரிக்கு உட்படுவதில்லை. நிறுவனத்தின் நட்டமும் அவர் சொந்தக் கணக்கில் வந்து கழிவதில்லை. அமெரிக்க நாட்டு முறை வேறு. அங்கே கூட்டு நிறுவனம் பொதுவாக வருமான வரி செலுத்துவதில்லை. தன் கணக்கைப் படிவம் 1065-இல் எழுதித் தாக்கல் செய்து, ஒவ்வொரு பங்காளர்க்கும் அவர் பங்கு இன்னதெனக் காட்டும் 'கே-1' என்னும் அட்டவணையை அனுப்புகின்றது. இலாபமாயினும் நட்டமாயினும் அவ்வட்டவணையில் உள்ளதைப் பங்காளர் தம் சொந்தக் கணக்கில் ஏற்றுதல் வேண்டும். இவ்வேறுபாட்டை இங்குள்ள பெற்றோர் அறிந்துகொண்டால்தான் பிள்ளைகள் சொல்வது விளங்கும்.

சட்டம் ஏன் பிறந்தது?

1986-ஆம் ஆண்டுக்கு முன்னர் அந்நாட்டில் ஒரு வழக்கம் பரவியிருந்தது. பெரும் ஊதியம் பெறும் மருத்துவரும் பிறரும் கட்டடம், எண்ணெய்க் கிணறு, கால்நடை முதலியவற்றில் கூட்டு வாணிபப் பங்குகளை வாங்குவர். அவற்றில் ஒரு நாளும் அவர்கள் உழைத்ததில்லை. இலாபம் தேடி வாங்கியவரினும் நட்டம் தேடி வாங்கியவர் பலர்! காகிதத்தில் தோன்றும் நட்டத்தை ஊதியத்திலிருந்து கழித்து வரியைக் குறைப்பதே நோக்கம்.

காகித நட்டம் எங்ஙனம் தோன்றும்? ஒரு குடியிருப்புக் கட்டடத்தை எடுத்துக்கொள்க. நிலம் நீங்கலாகக் கட்டடத்தின் விலையை இருபத்தேழரை ஆண்டுகளுக்குப் பகிர்ந்து, ஆண்டுதோறும் தேய்மானமாகக் கழிக்க அச்சட்டம் இடந்தருகின்றது. கட்டடம் உறுதியாக நிற்கும், வாடகையும் வந்துகொண்டிருக்கும். ஆயினும் கடன் வட்டியும் தேய்மானமும் கழிந்தபின் கணக்கில் நட்டம் தெரியும்.

1986 அக்டோபர் 22 அன்று அதிபர் ரேகன் கையெழுத்திட்ட வரிச் சீர்திருத்தச் சட்டம் இவ்வாயிலை அடைத்தது. அதன் 469-ஆம் பிரிவு 'பாசிவ்' என்னும் சொல்லால் ஒரு கோடு கிழித்தது. ஒருவர் தம் உழைப்பால் மெய்யாக ஈடுபடாத தொழிலின் நட்டம் ஈடுபடா நட்டம். அந்நட்டத்தை அதே வகையான ஈடுபடா வருமானத்தில் மட்டுமே கழிக்கலாம். ஊதியத்தில் கழித்தலாகாது, வட்டியிலும் பங்கு ஆதாயத்திலும் கழித்தலாகாது. கழிக்க இடமில்லாத நட்டம் அழிந்துபோவதில்லை. அடுத்த ஆண்டுக்கு, அதற்கடுத்த ஆண்டுக்கு எனக் கால வரையறையின்றிக் கொண்டு செல்லப்படும். பின்னர் ஈடுபடா வருமானம் வரும்போதோ, அத்தொழிலில் உள்ள தம் முழுப் பங்கையும் உறவல்லாத ஒருவர்க்கு விற்று வெளியேறும்போதோ அது கழிக்கப்படும்.

ஈடுபட்டவர் யார், ஈடுபடாதவர் யார் என்பதை அறிய ஏழு அளவைகள் விதிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் முதலாவது, ஓராண்டில் 500 மணி நேரத்துக்கு மேல் அத்தொழிலில் உழைத்திருத்தல். வாரத்துக்கு ஏறத்தாழப் பத்து மணி நேரம். நிறுவனம் அனுப்பும் அறிக்கைகளை முதலீட்டாளர் என்ற முறையில் படித்துக்கொண்டிருந்த நேரம், அன்றாட நிருவாகத்தில் நேரடிப் பங்கில்லாதவர்க்கு இக்கணக்கில் சேராது. வரையறுத்த பொறுப்புடைய கூட்டாளியாயின், அவ்வேழு அளவைகளில் மூன்று மட்டுமே அவர்க்குப் பொருந்தும். வாடகைத் தொழிலோ, சில விலக்குகள் நீங்கலாக, உழைத்தாலும் உழைக்காவிட்டாலும் ஈடுபடா வகையிலேயே வைக்கப்படும். வீடு நிலத் தொழிலையே தம் தொழிலாகக் கொண்டு, தம் உழைப்பு நேரத்தில் பாதிக்கு மேலும், ஓராண்டில் 750 மணிக்கு மேலும் அதில் செலவிட்டவர்க்குத் தனி விதி உண்டு; அவரும் தம் வாடகைத் தொழிலில் மெய்யாக ஈடுபட்டிருத்தல் வேண்டும்.

ஒரு கணக்கு

கரும்பலகையில் எழுதிக் காட்டினாலன்றிக் கணக்கு மனத்தில் நில்லாது. ஒரு பிள்ளை ஆண்டுக்கு 1,80,000 டாலர் ஊதியம் பெறுகின்றார் எனக் கொள்வோம். அடுக்குமாடி வீடுகளை வாடகைக்கு விடும் கூட்டு வாணிபம் ஒன்றில் 50,000 டாலர் பங்கிட்டு ஒதுங்கி நிற்கின்றார். எளிமை கருதி, கடன் இல்லை, இடையில் பணம் எதுவும் திரும்பப் பெறவில்லை, வேறு ஈடுபடா வருமானமும் இல்லை என்போம்.

முதலாண்டு கே-1 அட்டவணை 12,000 டாலர் நட்டம் காட்டுகின்றது. ஊதியத்தில் கழிக்க இயலாது. 12,000 நிலுவையில் நிற்கும். இரண்டாமாண்டு நட்டம் 9,000. நிலுவை 21,000 ஆகின்றது. மூன்றாமாண்டு 8,000 இலாபம். நிலுவையில் 8,000 அதனோடு கழிய, எஞ்சுவது 13,000. நான்காமாண்டு இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஐந்தாமாண்டு தொடக்கத்தில் முழுப் பங்கையும் அயலார் ஒருவர்க்கு 45,000 டாலருக்கு விற்கின்றார்.

விற்பனையில் ஆதாயம் எவ்வளவு? இட்ட முதல் 50,000-இல் இருந்து இரண்டு நட்டங்களையும் கழித்து, இலாபத்தைக் கூட்டினால் அவர் பங்கின் கணக்கு மதிப்பு 37,000. விற்ற விலை 45,000. ஆகவே ஆதாயம் 8,000. நிலுவையில் நின்ற 13,000 இப்போது விடுதலை பெறுகின்றது. ஆதாயத்தோடு 8,000 கழிய, மீதி 5,000 ஊதியம் முதலான பிற வருமானத்தில் கழிகின்றது.

இனிக் கணக்கையெல்லாம் மறந்துவிட்டு ஒரு சிறுவனைக் கேளுங்கள். ஐம்பதாயிரம் கொடுத்து நாற்பத்தையாயிரம் வாங்கினால் நட்டம் எவ்வளவு? ஐயாயிரம் என்பான். ஐந்தாண்டு ஏற்றிய கணக்கும் அதே ஐயாயிரத்தையே சொல்கின்றது! இடையில் 12,000 என்றும் 21,000 என்றும் தோன்றியவை காகிதத்தில் தோன்றியவை. மெய்யான நட்டம் இறுதியில் வெளிப்பட்டது. பொறுத்திருந்தவர்க்கு அதில் ஒரு டாலரும் குறையவில்லை.

மூன்று வழுக்கல்கள்

சட்டம் இத்துணைத் தெளிவாக இருப்பினும், மனம் வழுக்கும் இடங்கள் மூன்று உள்ளன.

முதலாவது, உழைக்காத மணிகளை உழைத்ததாக எழுதுதல். 'ஐந்நூறு மணி என்று எழுதிவிடு. யார் வந்து கடிகாரம் பார்த்தார்கள்?' என நண்பர் கூறுவர். ஆண்டு முடிந்தபின் நினைவிலிருந்து மணிக்கணக்குப் புனைவோரும் உளர். விசாரணை வந்தால் அத்தகைய உத்தேச மணிகளை அந்நாட்டு வரி நீதிமன்றம் பலமுறை ஏற்க மறுத்துள்ளது. எனினும், பிடிபடுவதைப் பற்றிய அச்சம் விரதமாகாது. நாம் கருதவேண்டியது வேறு.

ஆசாரியர் உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் ஒவ்வோர் அணுவிரதத்துக்கும் ஐந்து அதிசாரங்களைக் கூறியருளினார். சத்திய விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று கூடலேகக் கிரியை, அதாவது பொய் ஆவணம் எழுதுதல். வாயால் பொய் உரைப்பதைத் தனியே விலக்கியதோடு நில்லாமல், எழுத்தால் செய்யும் பொய்யையும் பெயர் சொல்லிச் சுட்டினார். கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று விருத்த ராஜ்யாதிக்கிரமம். அரசின் நெறிமுறையை மீறிப் பொருள் கொள்ளுதல் என்பது அதன் கருத்து. ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் இதனை விலோபம் என்பார். அந்நூலின் வழிவந்த அருங்கலச்செப்பு தமிழில் நமக்குக் கிடைத்திருப்பது நாம் பெற்ற பேறு.

புனைந்த மணிக்கணக்கு ஒன்றே இவ்விரு விரதங்களையும் ஒருசேரக் குலைக்கின்றது. எழுதியது பொய், அப்பொய்யால் பெற்றது பிறர் பொருள். அரசு தானே இழக்கின்றது, பிறர் யார் இழந்தார் எனலாகாது. சாலையும் பள்ளியும் மருத்துவ உதவியும் அப்பொருளால் ஆவன. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி நிற்பன என்னும் நம் சமயக் கோட்பாட்டை ஏற்றவர், அந்நிய நாட்டு அரசுதானே என்று இதனைத் தள்ளுதல் இயலாது.

இரண்டாவது வழுக்கல், எழுதாமலே விடுதல். 'இந்த ஆண்டு கழிக்க முடியாத நட்டம். எழுதினால் என், விட்டால் என்?' எனச் சோம்பல் பேசும். மேலும், நிறுவனங்கள் கே-1 அட்டவணையை வழக்கமாக மார்ச் 15-க்குள் அனுப்பவேண்டியிருப்பினும், தாங்களே கால நீட்டிப்புப் பெற்றுக் காலந்தாழ்த்துவதும் உண்டு. தனியார் கணக்குக்கு வழக்கமான கெடு ஏப்ரல் 15. காத்திருக்க மனமின்றி அப்பங்கை விட்டுவிட்டுத் தாக்கல் செய்வர். கெடுவுக்குள் கேட்டுப் பெற்றால் கணக்குத் தாக்கலுக்கு அக்டோபர் 15 வரை நீட்டிப்பு உண்டு. ஆனால் செலுத்தவேண்டிய வரிக்கு நீட்டிப்பு இல்லை. கே-1-இன் ஒரு படி வரித் துறைக்கும் செல்கின்றது. நிறுவனம் காட்டியவாறே பங்காளரும் காட்டுதல் வேண்டும். மாறுபட்டால் அம்மாறுபாட்டைத் தனிப் படிவத்தில் வெளிப்படையாகத் தெரிவித்தல் வேண்டும். அட்டவணை 'ஈ'-யின் இரண்டாம் பகுதியில் பங்கைக் காட்டி, படிவம் 8582-இல் அனுமதிக்கப்படும் நட்டமும் நிலுவையும் கணக்கிடப்படும். இவ்வாறு ஆண்டுதோறும் நிலுவையை எழுதி வராதவர், விற்கும் நாளில் தமக்குரிய கழிவையே தேடி அலைவர். மறைத்தல் நட்டத்தில் தொடங்கினால் இலாபத்தில் போய் முடியும் என்பதையும் மறவற்க. நட்டத்தை எழுதாத கை, நாளை எட்டாயிரம் இலாபம் வரும்போது எழுதத் தயங்கும்.

மூன்றாவது வழுக்கல் பெரிதும் நம் பெண்மக்களைச் சார்ந்தது. அந்நாட்டில் கணவனும் மனைவியும் இணைந்து ஒரே கணக்கைத் தாக்கல் செய்யலாம். இருவரும் கையெழுத்திடுதல் வேண்டும். அக்கணக்கு தம் அறிவுக்கு எட்டியவரை உண்மையும் முழுமையும் உடையது என்று, பொய்யுரைத்தால் தண்டனைக்கு உட்படுவதாக ஏற்று, உறுதி கூறும் கையெழுத்து அது. அவ்வாண்டு வரிக்கு இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பாவர். 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று படியாமல் இடும் கையெழுத்தைப் பற்றிப் பெண்மக்கள் சிந்தித்தல் வேண்டும். ஈடுபாட்டை அளக்கும்போது கணவன் மனைவி இருவர் உழைப்பு மணிகளும் சேர்த்தே எண்ணப்படும். அதாவது, மனைவி செய்யாத வேலையும் அவள் பெயரால் எழுதப்படக்கூடும்! தன் பெயரால் எழுதப்பட்ட பொய்யைப் படித்துப் பாராமல் ஒப்பியவள் குற்றமற்றவள் என்று நம் ஆகமம் கூறாது. ஏன் என்பதை அடுத்துக் காண்போம்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல்

உலகச் சட்டங்கள் பெரும்பாலும் செய்தவனையே நோக்கும். ஜினதர்மம் இன்னும் நுட்பமானது. மனம், மொழி, மெய் என்னும் மூன்றினாலும், கிருதம், காரிதம், அனுமோதனம் என்னும் மூன்று வகையாலும் வினை வந்து சேரும் என்பர் ஆசாரியர். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்பட்டு மகிழ்தல் என மூன்றும் வினை வரும் வாயில்களே.

ஆகவே வருமான வரிச் சட்டம் ஒருவரை 'ஈடுபடாதவர்' என்று வகுத்தாலும், வினைச் சட்டம் அவரை அவ்வாறு வகுப்பதில்லை. அவர் முதலிட்டார், பங்கை ஏற்றார், இலாபம் வந்தபோது மகிழ்ந்தார். கடைக்குச் செல்லவில்லை என்பதனால் கடையில் நடந்ததற்குத் தொடர்பில்லாதவர் ஆகார். கூட்டு வாணிபம் இறைச்சிக்கென உயிர் வளர்ப்பதாயின், கள் விற்பதாயின், அதன் ஈடுபடாப் பங்காளர் கொல்லாமை விரதத்தைக் காத்தவர் ஆவரோ? பங்கு வாங்குமுன் வரி எவ்வளவு குறையும் என வினவுவோர், அங்கே எவ்வுயிர்க்கு என்ன நேர்கின்றது என்பதை முதலில் வினவுதல் வேண்டும்.

இங்கே இரு நூல்களும் இணைந்து ஒன்றையே கேட்கின்றன. உன் பங்கு எத்தகையது, மெய்யாகச் சொல் என்கின்றன. உழைக்காதவர் உழைத்தேன் எனச் சொல்லற்க என்பது வரிச் சட்டம். ஒதுங்கி நின்றவர் எனக்குத் தொடர்பில்லை எனச் சொல்லற்க என்பது வினைச் சட்டம். செய்ததை மிகுத்துச் சொல்வதும் பொய்; குறைத்துச் சொல்வதும் பொய். தன் அளவைத் தான் அறிந்து, அறிந்தவாறே சொல்லுதல் ஆர்ஜவம். தசலட்சண தருமங்களில் மூன்றாவதாக நாம் ஆண்டுதோறும் போற்றும் ஆர்ஜவம் இதுவே. அதற்கு மறுதலையாகிய மாயை என்னும் வஞ்சம் விலங்குகதி ஆயுவுக்குக் காரணம் எனத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகின்றது. சில ஆயிரம் டாலருக்காக எக்கதியை விலை பேசுகின்றோம் என்பதைச் சிந்திக்க வேண்டாவோ?

நிலுவையும் சத்தையும்

நிலுவையில் நிற்கும் நட்டத்தைப் பற்றிப் படித்தபோது, வினைக் கோட்பாட்டைக் கற்பிக்க நல்லதோர் உவமை கிடைத்தது என மகிழ்ந்தோம். பந்தமாகிய வினை அப்பொழுதே பலன் தருவதில்லை. அபாதா காலம் வரை அது அடங்கிக் கிடக்கும். அந்நிலையில் அது அழிந்துவிட்டது என அறியாதார் கருதுவர். அது சத்தையில் உள்ளது. காலம் வந்தபோது உதயமாகிப் பலன் தந்து உதிரும். ஏட்டில் உள்ள நிலுவையும் அவ்வாறே. ஐந்தாண்டு பேசாமல் கிடந்தது. பங்கை விட்டு நீங்கிய அன்று முழுதும் வெளிப்பட்டது.

உவமையை ஓரளவுக்குமேல் நீட்டலாகாது. நிலுவை நட்டம் வெளிப்படும்போது நமக்கு நன்மை தரும். தீவினை வெளிப்படும்போது துன்பம் தரும். நிலுவையை எழுதாமல் விட்டால் தொலைந்து போகலாம். வினையை எவரும் தொலைத்ததில்லை. இறந்தவர் பங்கு வாரிசுக்கு வரும்போது அதன் கணக்கு மதிப்பு இறந்த நாள் விலைக்கு உயர்த்தப்படும். அவ்வுயர்வு எவ்வளவோ அவ்வளவு நிலுவை நட்டமும் மறைந்துவிடும். வினைக்கு அத்தகைய மறைவும் இல்லை. வாரிசுக்குச் செல்வதும் இல்லை. கட்டிய உயிரோடு மறுபிறவிக்குத் தொடரும். ஆகலின் எந்த ஏட்டில் நிலுவை குறைவாக இருத்தல் வேண்டும் என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும்.

சில தடைகளுக்கு விடை

'சட்டம் தரும் சலுகைகளையும் விட்டுவிடச் சொல்கின்றீர்களா?' எனக் கேட்கலாம். இல்லை. சலுகையை உள்ளவாறு சொல்லிப் பெறுவது குற்றமன்று. சான்றாக, தாமே முடிவுகள் எடுத்து வாடகை வீட்டை நிருவகிப்பவர்க்கு, அதில் பத்து விழுக்காட்டுக்குக் குறையாத பங்கிருந்தால், 25,000 டாலர் வரை வாடகை நட்டத்தைப் பிற வருமானத்தில் கழிக்க அச்சட்டமே இடந்தருகின்றது. வருமானம் 1,00,000 டாலரைக் கடக்கும்போது அச்சலுகை தேயத் தொடங்கி 1,50,000-இல் முற்றும் நீங்கும். தகுதியுடையவர் தாராளமாகப் பெறுக. நம் எடுத்துக்காட்டில் வந்த பிள்ளைக்கு அத்தகுதி இல்லை. இல்லாத தகுதியை எழுதுவதே விலக்கப்பட்டது.

'மிஞ்சும் பணத்தை ஆலயத் திருப்பணிக்கும் அன்னதானத்துக்கும் அளித்துவிடுகின்றோம்' என்பாரும் உளர். ஊதியத்தையும் ஈடுபடா நட்டத்தையும் ஒரே கூடையில் இட அச்சட்டம் விடுவதில்லை என்று கண்டோம். பொய்யையும் தானத்தையும் ஒரே கூடையில் இட நம் அறம் விடுமோ? தானம் தானமே, பொய் பொய்யே. நேர்வழியில் வந்த பத்து ரூபாய், ஜினாலயத்தில் ஒரு விளக்குக்கு எண்ணெயாவது பெருமை.

'எல்லாரும் செய்கின்றனர்' என்பது மூன்றாவது தடை. வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் விடையைத் தவறாக எழுதினால் அது சரியாகிவிடாது. ஆசிரியை என்ற முறையில் இதற்குமேல் விடை கூற எமக்குத் தோன்றவில்லை.

இல்லறத்தார் கொள்ளத்தக்கவை

நட்டத்தை நாடிப் பங்கு வாங்குவது ஆசையின் விந்தையான வடிவம். வரவை விரும்பும் லோபத்தை அறிவோம். வரி குறையும் என்பதற்காக நட்டத்தையே விரும்பச் செய்வதும் அந்த லோபமே. இதற்கு மருந்து பொருள் வரைதல் என்னும் ஐந்தாம் விரதம். இவ்வளவு போதும் என வரையறுத்தவர்க்கு 500 மணியைப் புனையும் தேவை எழாது.

பங்குடைய பிள்ளைகள் சிலவற்றைப் பழக்கமாகக் கொள்ளலாம். உழைத்த நாளில் உழைத்த மணியை அன்றே குறித்து வைத்தல் நன்று. உழைக்காவிடில் ஏட்டை வெறுமையாக விடுவதே சத்தியம். ஆண்டுதோறும் கே-1 அட்டவணையையும் படிவம் 8582-இன் படியையும், பங்கை விற்று முடித்த பின்னரும் சில ஆண்டுகள் வரை பாதுகாத்தல் வேண்டும். முதல் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு, நிலுவை எவ்வளவு என ஒரு பக்கத்தில் எழுதி மனைவிக்கும் காட்டுதல் வேண்டும். கணக்காளரிடம் உள்ளதை உள்ளவாறு சொல்லுதல் வேண்டும். அவரைக் கொண்டு பொய் எழுதுவிப்பது காரிதம்.

முன்னரே பிழையாக எழுதியிருப்பின் அஞ்ச வேண்டா. 1040-எக்ஸ் என்னும் திருத்தப் படிவம் உண்டு. நாள்தோறும் பிரதிக்கிரமணம் செய்யும் மரபில் வந்த நமக்குத் திருத்திக்கொள்வது புதிதன்று. செய்த தவற்றை ஆசாரியர் முன் உரைத்துப் பிராயச்சித்தம் ஏற்பது தவத்தின் ஒரு வகையென்று கூறும் சமயம் நம்முடையது. திருத்தப் படிவத்தில் எழுதும் ஒவ்வொரு வரியும் அத்தகையதே. வட்டியும் அபராதமும் சேரலாம். சேர்ந்தால் செலுத்துக, மனச்சுமை இறங்கும்.

இங்குள்ள பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். தொலைபேசியில் பேசும்போது 'இந்த ஆண்டு எவ்வளவு மிச்சம் பிடித்தாய்?' என்று கேட்பதே நம் வழக்கமாகிவிட்டது. அவ்வினாவில் நம் அனுமோதனம் ஒளிந்திருக்கின்றது. மகன் பொய் எழுதி மிச்சம் பிடித்து, நாம் இங்கே மகிழ்ந்தால் அவ்வினையில் நமக்கும் பங்குண்டு; ஈடுபடாப் பங்காளர் நாமே ஆவோம்! ஆகலின் இனி, 'எழுதியது அத்தனையும் உள்ளபடிதானே, தம்பி?' என்று கேட்டுப் பழகுவோம். 'ஆம், அம்மா' என்னும் விடை தயக்கமின்றி வருமாயின், அதுவே அவன் ஈட்டிய பொருள்களுள் தலையாயது.

மையால் எழுதும் தொழிலை நமக்குத் தந்த ஆதிபகவன் திருவடிகளை மனத்திருத்தி, எழுதும் ஒவ்வோர் எண்ணிலும் சத்திய விரதம் காப்போமாக. மும்மணிகள் நம் இல்லங்களில் ஒளிர்க.

வாழ்க ஜினதர்மம்! வளர்க அகிம்சை!